அந்தோனியாருக்குக் கீழே ஒரு தக்கை

பறவை பார்க்க வந்த வெள்ளைக்காரக் கிழவரும் அவரின் மனுசியும் ரப்பர் போட்டில் ஏறியபோது இரண்டு பேரின் சப்பாத்தும் காய்ந்துதான் இருந்தது. திரும்பிக் கரைக்கு வந்தபோது கிழவரின் இடக்கால் சப்பாத்து அவருக்கு முன்னமே மிதந்து இறங்கிவிட்டது. இடையில் நடந்தது முழுக்க றொட்னியின் கைங்கரியம்.

மன்னார், தாழ்வுபாட்டுக் கரையில் இருந்து வெளிக்கிடும்போது காலடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அலைத் தண்ணீர் என்று நினைத்தான். எஞ்சினை முறுக்கினான். போட் மூக்கை நிமிர்த்திக்கொண்டு பறந்தது. காலடித் தண்ணீரும் பின்பக்கத்து ஓட்டையால் ஓடி ஒழிந்தது. கிழவர் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். றொட்னியும் காட்டினான். அண்மைக் காலத்தில் அவன் வாழ்க்கையில் நடந்தவற்றுள் அதுதான் நல்ல பகுதி.

மணல்திட்டு ஓரத்தில் பூநாரைகள் கூட்டமாய் நின்றன. கிழவர் கமராவைத் தூக்கி, நிறுத்தச் சொல்லிக் கை காட்டினார். றொட்னி எஞ்சினை நிறுத்தினான். தண்ணீர் உள்ளே வரத் தொடங்கியது.

ரப்பர் போட்டின் பின்பலகை அடியில் தண்ணீர் போக ஓர் ஓட்டை இருக்கும். ஓடும்போது, உள்ளே நிற்கிற தண்ணீரை அது வெளியே உறிஞ்சி எடுக்கும். நின்றால், வெளியே நிற்கிற கடல் அதே வழியால் உள்ளே வரும். வராமல் இருக்கத்தான் ஒரு தக்கை. றொட்னி குனிந்து தடவினான். ஓட்டை இருந்தது. தக்கை இருக்கவேண்டிய இடத்தில் அவனுடைய விரல் இருந்தது.

"இது வழமையா?" என்று கிழவர் ஆங்கிலத்தில் கேட்டார். தண்ணீர் அவரின் கணுக்காலைத் தாண்டியிருந்தது.

"ஓம் சேர். கால் கழுவுற சேவை. ரிக்கெற்றுக்குள்ள அடக்கம்" என்றான் றொட்னி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில்.

மனுசி சிரித்தாள். கிழவர் தன் சப்பாத்தைப் பார்த்தார்.

ரப்பர் போட் தாழாது, அதை ஒத்துக்கொள்ள வேண்டும். சுற்றிவரக் காற்றடைத்த குழாய். நடுவில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் மிதக்கும். ஆனால் அதற்குப் பிறகு அதைப் போட் என்பதா, குளிக்கிற தொட்டி என்பதா என்று கொஞ்சம் யோசிக்க வேண்டும். றொட்னி எஞ்சினை இயக்கினான். தண்ணீர் போனது. நிறுத்தினான். வந்தது. கடைசியில், ஓடிக்கொண்டே படம் எடுக்கும்படி கிழவருக்குச் சொல்லிவிட்டுப் பூநாரைகளைச் சுற்றி ஓடத் தொடங்கினான். ஒரு சுற்று, பிறகு இன்னொரு சுற்று. பூநாரைகள் பொறுத்துப் பார்த்துவிட்டு எழும்பி இந்தியாப் பக்கமாய்ப் போய்விட்டன.

கரையில் மெல்ல அணைக்கவும் வழியில்லை. வேகத்தைக் குறைத்தால் தண்ணீர். ஆகவே வந்த வேகத்திலேயே, கடைசி நேரத்தில் எஞ்சினைத் தூக்கி, மணலில் ஏற்றினான். கரையில் படுத்திருந்த கழுதை எழும்பி வழிவிட்டது. காமில் நானா வழிவிடவில்லை. இடுப்பில் கைவைத்தபடி நின்ற இடத்திலேயே நின்றார்.

காமில் நானா உப்புக்குளத்து முஸ்லிம்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். தாழ்வுபாட்டில் கடலைப் பார்த்தபடி ஒரு சின்ன விடுதி வைத்திருக்கிறார். அதில் தங்குகிறவர்களுக்குப் பறவையும் மணல்திட்டும் காட்டத்தான் இந்த ரப்பர் போட். அதைப் பராமரித்து ஓட்டுவது றொட்னியின் வேலை. விருந்தாளிகளுக்குத் துவாயும் தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பிவிட்டு நானா திரும்பி வந்தார்.

"தக்கை எங்க?"

"வீட்டில, நானா."

"வீட்டில என்ன செய்யுது?"

"அந்தோனியாரோட இருக்கு."

நானா கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தார். "அவர் போட் ஓட்டுறவரோ?"

"இல்லை நானா. துலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுக் குடுக்கிறவர்."

"நல்லதாப் போச்சு. உன்ர மூளையையும் ஒருக்காத் தேடச் சொல்லு."

"எனக்கு வேலை இருக்கோ நானா, இல்லையோ?"

"பாப்பம்" என்றார் நானா.

அந்த நாட்களில் றொட்னிக்கு எல்லோரும் சொன்ன சொல் அதுதான். பாப்பம்.

தக்கை அந்தோனியாரிடம் போன கதை பெரிய கதை இல்லை. மீன் பிடிக்கிற வள்ளத்தைக் கரையில் ஏற்றினால் தக்கையைக் கழற்றி விடுவார்கள், மழைத்தண்ணீர் வடிந்து போகட்டும் என்று. கழற்றியதை வள்ளத்திலேயே வைத்துவிட்டு வந்தால் ஒன்றில் விளையாடுகிற பிள்ளைகள் கொண்டுபோகும், இல்லாவிட்டால் வள்ளத்தோடு சேர்த்து வேறு ஆராவது கொண்டுபோவான். அதனால் தக்கை வீட்டுக்கு வரும். றொட்னியின் வீட்டில் அது அந்தோனியார் படத்துக்குக் கீழே, மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருக்கும். அதை அங்கே வைப்பதும் அவன் மனுசி சுவேதினி, எடுத்துத் தருவதும் சுவேதினி. கலியாணம் முடித்த நாளில் இருந்து, தேத்தண்ணிப் போத்தலை ஒரு கையிலும் தக்கையை மறு கையிலும் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பாள். தக்கை கையில் விழாமல் அவன் ஒருநாளும் கடலுக்குப் போனதில்லை. அது பக்தியா, பழக்கமா, களவுக்குப் பயமா என்று இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

ரப்பர் போட்டின் தக்கை அப்படி வீட்டுக்கு வரத் தேவையில்லை. அது ஒரு பட்டியில் போட்டோடேயே தொங்கும். முந்தின நாள் அந்தப் பட்டி அறுந்தது. தக்கையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்தவன், கை போன போக்கில் அந்தோனியாருக்குக் கீழே வைத்தான். காலையில் வாசலில் கொஞ்சம் நின்றான். எதற்கு நிற்கிறேன் என்று அவனுக்கே விளங்கவில்லை. பிறகு போனான். எடுத்துத் தர வீட்டில் ஆள் இல்லை.

சுவேதினி வங்காலையில், தாய்வீட்டில் இருந்தாள். தலைப்பிள்ளைக்குப் போனவள். பெண்பிள்ளை. மன்னார் ஆஸ்பத்திரியில் பிறந்து ஒரு இரவு இருந்தது. நேர்ஸ் ஒருத்தி அவசர ஞானஸ்நானமாகக் கையில் தண்ணீர் எடுத்து நெற்றியில் ஊற்றி அன்ரோனெற் என்று பேர் வைத்தாள். விடிய அந்தப் பேருக்கு ஆள் இல்லை. தாய்வீட்டுக்குக் கிட்ட என்று வங்காலைச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். குழி வெட்டியவர் பழக்கதோஷத்தில் பெரிதாக வெட்டிவிட்டார். எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். றொட்னிதான் பேசினான்: "அண்ணை, நான் இன்னும் சாகேல்ல." சனம் சிரித்தது. அடக்கிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு, ஆனாலும் சிரித்தது.

அதற்குப் பிறகு அவனுக்குப் பெரிதாக ஒன்றும் நோகவில்லை. எஞ்சின் மூடிக்குள் விரல் நசிந்து நகம் கறுத்தது. நகம் கறுத்திருக்கிறது என்று அடுத்தநாள் காமில் நானா சொல்லித்தான் தெரியும். வள்ளத்தைத் தமையனிடம் விட்டுவிட்டு நானாவிடம் வேலைக்கு வந்ததற்கும் அவன் ஒரு காரணம் வைத்திருந்தான்: மீனுக்குப் பகிடி விளங்காது, வெள்ளைக்காரருக்குப் பாதியாவது விளங்கும்.

"போட்டை முழுக்கக் கழுவிச் செக் பண்ணு" என்றார் நானா. "ஓட்டை, வால்வு, எல்லாம். சரிவரும் மட்டும் ஒருத்தரையும் ஏத்தேலாது."

முதலில் ஓட்டை. வெளிப்பக்கம் அதற்கு ஒரு ரப்பர் நாக்கு உண்டு. தண்ணீர் வெளியே போகும்போது திறந்து, திரும்பி வரும்போது மூட வேண்டிய நாக்கு. அதன் இடுக்கில் மணல் ஏறி, பாதித் திறந்தபடி இறுகிப் போயிருந்தது. அதாவது தக்கையை மறந்தாலும் காப்பாற்ற ஒரு ஏற்பாடு இருந்திருக்கிறது, அதையும் அவன் பார்க்கவில்லை. ஒரு பிழைக்குள் இரண்டு பிழை. நல்ல தண்ணீர் ஊற்றினான், மணல் போகவில்லை. பிரஷ் ஒன்று வேண்டும்.

வீட்டில் கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்ரிக் குவளையில் பல்லு விளக்குகிற பிரஷ் இரண்டு நின்றன. நீலம் அவனுடையது. றோஸ் அவள் விட்டுப்போனது. றோஸ் பிரஷ் பாவிக்காமலே கிடக்கிறது, தும்பும் நல்ல நேராக நிற்கிறது, இந்த வேலைக்கென்றே செய்ததுபோல. றொட்னி அதைப் பார்த்தான். பிறகு தன்னுடைய நீலத்தை எடுத்துக்கொண்டு போய் மணலும் பாசியும் சுரண்டினான். அடுத்தநாள் காலை விரலால் பல்லு விளக்கினான். உப்புச் சுவையாய் இருந்தது.

தக்கையையும் எடுத்துக்கொண்டு வந்து பார்த்தான். அதன் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. காமில் நானா மன்னார் ரவுணில் இருந்து புதுத்தக்கையும் பட்டியும் வாங்கி வந்து, பட்டியைத் தன் கையாலேயே முடிந்து, முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சும் போட்டார். "இனி இதை அந்தோனியாரிட்டக் கொண்டு போறதெண்டா போட்டையும் சேத்துத்தான் கொண்டு போகோணும்" என்றார்.

பிறகு காற்று வால்வுகள். மூடியைக் கழற்றி, படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவி, சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று குந்தியிருந்து பார்க்க வேண்டும். ஒன்றிலும் குமிழி இல்லை. கடைசியாக, குழாயின் உட்பக்கத்தில் இருக்கிற சேஃப்டி வால்வு. அதன் மேல் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு ரேப் ஒட்டியிருந்தது.

"இதை ஆர் ஒட்டினது?" என்றார் நானா.

றொட்னி சுற்றிப் பார்த்தான். கழுதை மட்டும்தான் நின்றது. பழியை அதன் மேல் போட முடியாது. "நான்தான் நானா."

"ஏன்?"

"மத்தியானத்தில ஸ்ஸ் எண்டு கத்துது. ஆக்கள் பயப்பிடுகினம், போட் வெடிக்கப்போகுதெண்டு."

நானா ரேப்பை உரித்தார். பிறகு குழாயின் ஒட்டு வரியில் பெருவிரலை வைத்து இழுத்துக்கொண்டே போனார். ஓர் இடத்தில் விரல் நின்றது. ஒட்டு மெல்லிய உதடுபோல விலகத் தொடங்கியிருந்தது. வெயிலில் உள்ளே காற்று பெருக்கும்போது கூடினதை வெளியே விடத்தான் அந்த வால்வு. அதன் வாயைக் கட்டிப்போட்டால் காற்று வேறு இடத்தில் வழி தேடும்.

"கத்துறது பிழை இல்லையடா" என்றார் நானா. "கத்தாட்டித்தான் பயப்பிடோணும்."

இதையே பங்குச் சாமியார் கண்டிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை முடித்திருப்பார் என்று றொட்னி நினைத்தான். வால்வைக் கழற்றி, உள்ளே இறுகியிருந்த உப்பைச் சுரண்டி, திரும்பப் பூட்டினான். விலகிய இடத்துக்குப் பசை பூசி, ஒரு துண்டு ஒட்டி, மேலே கல் வைத்தான்.

பசை காயும் மட்டும் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் அவன் செய்வது ஒன்றே ஒன்று. வங்காலைக்குப் போன் எடுத்தான். மாமி பெற்றிசியாதான் எடுத்தா.

"சாப்பிட்டியளே தம்பி?"

"ஓம் மாமி. சுவேதினி எப்ப வாறாளாம்?"

"என்ன கறி?"

"மீன்தான் மாமி. எப்ப வாறாளாம்?"

"மழை ஒருக்கா விடட்டும் தம்பி. இந்தா, மாமா நிக்கிறார், கதையுங்கோ."

மாமா சிங்கராசா வாங்கி, அன்னம்மாள் திருநாள் முடியட்டும் என்றார். திருநாளுக்கு இன்னும் கன மாதம் கிடந்தது. கடைசியாகச் சுவேதினி வந்தாள்.

"எப்ப வாறாய்?"

"பாப்பம்."

"அந்தோனியார் கேக்கிறார். அவருக்குத் தூசி தட்ட ஆளில்லையாம்."

முன்பெல்லாம் இந்த இடத்தில் சிரிப்பாள். "வலை வந்திட்டுது, நண்டு கழட்டோணும்" என்றாள். வைத்துவிட்டாள்.

பசை காய்ந்ததும் நானா போட்டை இரண்டு தரம் சுற்றிவந்து பார்த்தார். "வெறும் போட்டை ஒருக்கா ஓடிப் பார். நடுக்கடலில நிப்பாட்டிப் பார். தண்ணி வராட்டித்தான் சரி."

"எங்க மட்டும் நானா?"

நானா வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "வங்காலைப் பக்கம் அலை குறைவெண்டு சொல்லுறாங்கள்" என்றார்.

பாதிவழியில் எஞ்சினை நிறுத்தினான். போட் மெல்ல அசைந்து நின்றது. பின்பலகையைப் பார்த்தான். சொட்டுத் தண்ணீர் இல்லை. குனிந்து கையை வைத்துப் பார்த்தான், காய்ந்திருந்தது. வெளிக்கிட அவசரம் இல்லாததால் அப்படியே இருந்தான். நின்றால் ஏதாவது வரும் என்றும் ஒரு நினைப்பு. ஒன்றும் வரவில்லை. தக்கை நல்ல இறுக்கமாகப் பொருந்தியிருந்தது.

வங்காலைக் கரையில் மாமாவும் மாமியும் சுவேதினியும் வலைக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். மாமா நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

"மருமோன் பலூனில வாறார்."

"ரோட்டால வந்தா பொலிஸ் மறிக்கிறாங்கள் மாமா" என்றான் றொட்னி.

"சாப்பிட்டியளே தம்பி?" என்றா மாமி.

சுவேதினி நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் குனிந்தாள். மெலிந்திருந்தாள். வலையின் கண்ணில் இருந்து நண்டின் காலை ஒவ்வொன்றாய் விடுவித்து, முறியாமல் எடுத்துப் பெட்டிக்குள் போட்டாள். றொட்னியும் எதிரே குந்தி, வலையின் மறு தலைப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டான். அவனும் ஒரு நண்டைக் கழற்றத் தொடங்கினான்.

"இரத்தம்" என்றாள் சுவேதினி.

பார்த்தான். நண்டு ஒன்று அவனுடைய சுண்டு விரலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"நோகேல்லையே?"

"இவருக்கும் என்னில விருப்பம்போல. விடுறாரில்லை."

அவள் எட்டி நண்டின் காலை நெரித்து விரலை விடுவித்தாள். விரலை உடனே விடாமல், திருப்பிப் பார்த்தாள். பிறகு விட்டாள்.

அப்போதுதான் போட் கத்தத் தொடங்கியது. ஸ்ஸ்ஸ் என்று, நீளமாய். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

"மருமோன், உங்கட பலூன் சாகுது" என்றார் மாமா.

"இல்லை மாமா. அது அப்பிடித்தான். வெயிலுக்கு உள்ள காத்து பெருக்கும். கூடினதை அந்த வால்வு வெளியில விடும். விட்டாத்தான் போட் தப்பும்."

"நான் முந்தி உங்கட கரையில நிண்டு பாத்தபோது இப்பிடிக் கத்தேல்லையே."

"ரேப் ஒட்டி வைச்சிருந்தனான்."

"ஏன்?" என்று கேட்டது மாமா இல்லை, சுவேதினி.

"ஆக்கள் பயப்பிடுகினம்."

அவள் கையில் இருந்த நண்டை வலையோடு அப்படியே விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட் கத்தி முடித்துத் தானாக நின்றது. மாமி, கறி சூடாக்க வேணும் என்று மாமாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனா. கறி சூடாக்க இரண்டு பேர் தேவையில்லை.

போட்டடிக்குப் போக அவன் எழும்பியபோது அவளும் எழும்பினாள். தண்ணீர் விளிம்பு வரைக்கும் கூட நடந்தாள். பாதை நெடுக றொட்னி, நானா சொன்னது, கிழவரின் சப்பாத்து, பூநாரைகளுக்குத் தலைசுற்றியது என்று கதைத்துக்கொண்டே போனான். போட்டடியில் கதை முடிந்துபோனது. சட்டைப்பையில் இருந்து பழைய தக்கையை எடுத்து நீட்டினான்.

"இது பிஞ்சுபோச்சு. இனி உதவாது. உன்னட்ட இருக்கட்டுமெண்டு கொண்டு வந்தனான்."

அவள் வாங்கினாள். வெடித்த வளையத்தை விரலால் தடவினாள். பிறகு, அவன் கையைப் பிடித்து விரித்து, தக்கையை உள்ளங்கையில் வைத்து மூடினாள். காலையில் வாசலில் செய்கிற மாதிரியே. அவளுடைய விரல்களில் நண்டு மணத்தது.

"இனிப் பகிடி விடமாட்டன்" என்றான் றொட்னி. "எப்ப எண்டும் கேக்கமாட்டன். வருவியா, மாட்டியா? அதை மட்டும் சொல்லு."

"வரமாட்டன்" என்றாள் சுவேதினி.

குரல் உயரவில்லை. "மழை விட்டாலும் வரமாட்டன். திருநாள் முடிஞ்சாலும் வரமாட்டன். அவள் இஞ்ச கிடக்கிறாள். அவளை விட்டிட்டு நான் அந்த வீட்டில வந்து இருக்கமாட்டன். அண்டைக்குக் குழியடியில நீங்கள் சொன்னதுக்கு எல்லாரோடயும் சேந்து நானும் சிரிச்சனான். அதுக்குப் பிறகு நான் ஒவ்வொரு நாளும் அவளிட்டப் போறன். நீங்கள் ஒருநாளும் போகேல்ல."

றொட்னி வாயைத் திறந்தான். வழமையாக அங்கே ஒரு பகிடி இருக்கும்.